நகர்த்துவது யார்? வலைப்பக்க அனிமேஷன் லைப்ரரிகள் பற்றி ஒரு மதிப்பீடு

வலைப்பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டியை இடமிருந்து வலமாக 300 பிக்சல் நகர்த்த வேண்டும். 2006-ல் இதற்கு ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை இறக்கி ஒரு வரி எழுதினார்கள். இன்று லைப்ரரி எதுவும் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி போதும். அன்றைவிட வழவழப்பாகவே ஓடும். அப்படியிருந்தும் ஜீசாப், மோஷன், அனிமே என்று பல லைப்ரரிகள் இன்னும் நன்றாகப் புழங்குகின்றன. இது வெறும் பழக்கமா, உண்மையான தேவையா?

இருபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெட்டியை நகர்த்துவது எப்போதுமே எளிய பாதி. நகர்வதற்கு முன் அது எங்கே இருந்தது, பாதி வழியில் பயனர் குறுக்கிட்டால் என்ன செய்வது, இது முடிந்தபின் எது தொடங்க வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொள்வதுதான் கடினமான பாதி. லைப்ரரிகள் பிறந்தது அந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கு. பிரவுசர்கள் அந்தப் பேரேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தம் வசம் எடுத்துக்கொண்டு வருகின்றன. இன்னும் எடுத்துக்கொள்ளாத பக்கங்கள் எவை என்பதே இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆரம்ப காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட்ஸ்கேப் பிரவுசர் எழுத்தைக் கண்சிமிட்ட வைத்தது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 'மார்க்கீ' என்ற ஓடும் பட்டையைக் கொண்டுவந்தது. எச்டிஎம்எல் தரம் மார்க்கீயை ஒதுக்கிவைத்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பிரவுசர்கள் அதை இன்னும் ஓட்டுகின்றன, நம் கல்லூரித் தளங்களும் அரசுத் தளங்களும் அதை விடுவதாக இல்லை. 1995-ல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். 1997 வாக்கில் இரு பிரவுசர்களின் நான்காம் பதிப்புகள் வந்தபோது, பக்கத்தில் உள்ள உறுப்பின் இடத்தை நிரலால் மாற்ற முடிந்தது. ஆனால் நெட்ஸ்கேப்புக்கு ஒரு முறை, எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு முறை. ஒரே அசைவை இரண்டு தடவை எழுத வேண்டும். சில மில்லிவினாடிக்கு ஒருமுறை டைமரை அடித்து, ஒவ்வொரு அடிக்கும் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் உத்தி. திரையில் பனி கொட்டியது, சுட்டிக்குப் பின்னால் எழுத்துகள் வால்போல ஓடின.

உருப்படியான அனிமேஷன் அன்று நடந்த இடம் ஃபிளாஷ். ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற மென்பொருளை மேக்ரோமீடியா 1996 இறுதியில் வாங்கி அந்தப் பெயரை வைத்தது. 2005-ல் அது அடோபி கைக்குப் போனது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றது. ஃபிளாஷ் போய்விட்டாலும் அதன் வழக்கங்கள் பல ஜாவாஸ்கிரிப்டுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றில் முதன்மையானவை ராபர்ட் பென்னர் எழுதிய வேக மாற்றச் சூத்திரங்கள். 2002-ல் வந்த அவருடைய ஃபிளாஷ் நிரலாக்க நூல் அவற்றைப் பரப்பியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான லைப்ரரிகளின் அடித்தளமும் இந்தச் சூத்திரங்கள்தான். அனிமேஷன் தொடங்கிக் கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். அதை அப்படியே தூரத்தோடு பெருக்கினால் பெட்டி சீரான வேகத்தில் போகும், இயந்திரத்தனமாக இருக்கும். நிஜ உலகில் எந்தப் பொருளும் சட்டென்று முழு வேகம் எடுப்பதில்லை, சட்டென்று நிற்பதுமில்லை. அதனால் அந்த எண்ணை முதலில் ஒரு சூத்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். மிச்சமுள்ள பங்கை மும்மடியாக்கி 1-லிருந்து கழிப்பது ஒரு பிரபலமான வகை. பாதி நேரம் கழிந்திருக்கும்போது மிச்சம் 0.5, அதன் மும்மடி 0.125, கழித்தால் 0.875. அதாவது நம் 300 பிக்சல் பயணத்தில் பாதி நேரத்திலேயே பெட்டி 262 பிக்சலைத் தாண்டியிருக்கும். மிச்சப் பாதி நேரத்தை 37 பிக்சலில் மெல்ல மெல்ல அடங்கச் செலவிடும். பொத்தானை அழுத்தியவுடன் ஏதோ நடந்துவிட்டது என்ற உணர்வும், பதற்றமில்லாமல் நின்றது என்ற உணர்வும் இந்த ஒரு கழித்தலிலிருந்து வருகின்றன. சூத்திரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் விவாதமெல்லாம் எப்போதும் லைப்ரரியைப் பற்றித்தான்.

2005-ல் தாமஸ் ஃபுக்ஸின் ஸ்கிரிப்டாகுலஸும் வலேரியோ புரொயெட்டியின் மூஎஃப்எக்ஸும் வந்தன. மூஎஃப்எக்ஸ் வெறும் 3 கிலோபைட். பின்னால் மூடூல்ஸாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு ஜான் ரெசிக் ஜேகுவெரியை வெளியிட்டார். அதன் 1.0 பதிப்பு 2006 ஆகஸ்டில் வந்தது. மறைந்திருப்பதை மெல்லத் தோன்றவைப்பது, மடிந்திருப்பதைக் கீழ்நோக்கி விரிப்பது, எந்த எண் பண்பையும் படிப்படியாக மாற்றுவது என்று மூன்று நான்கு கட்டளைகள். நேரம் சொல்லாவிட்டால் 400 மில்லிவினாடி, 'வேகமாக' என்றால் 200, 'மெதுவாக' என்றால் 600. கூடவே ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை: ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது. பிரவுசர் வேற்றுமைகளையெல்லாம் லைப்ரரி விழுங்கிவிட்டது. வடிவமைப்பாளர்கள் நிரலாளர்களைக் கேட்காமல் தாங்களே பக்கத்தை அசைத்துப் பார்த்தது அப்போதுதான்.

ஜேகுவெரியின் கீழ்நோக்கி விரிக்கும் கட்டளையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒரு பத்தியின் உயரம் எவ்வளவு என்பது அதில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது. அதை முன்கூட்டி எண்ணாகச் சொல்ல முடியாது. 'தானாக' என்றுதான் சிஎஸ்எஸ்ஸில் எழுதுவோம். பூஜ்யத்திலிருந்து 'தானாக' என்பதற்குப் படிப்படியாகப் போவது எப்படி? ஜேகுவெரி உறுப்பைத் தோன்றவைத்து, உயரத்தை அளந்து, பூஜ்யமாக்கி, அளந்த எண்வரை வளர்த்து, கடைசியில் எண்ணை அழித்துவிட்டு 'தானாக' நிலைக்கே திருப்பிவிடும். கேட்பவருக்கு இது எதுவும் தெரியாது. சிஎஸ்எஸ்ஸில் இதை நேரடியாகச் செய்யும் வழி 2024-ல் குரோம் 129-ல்தான் வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டும் மக்கள் அதிகபட்ச உயரம் என்று குத்துமதிப்பாக ஒரு பெரிய எண்ணைப் போட்டுச் சமாளித்தார்கள்.

ஜேகுவெரியின் பலவீனம் அதன் டைமரில் இருந்தது. 13 மில்லிவினாடிக்கு ஒருமுறை அது பெட்டியை நகர்த்தும். வினாடிக்குச் சுமார் 77 தடவை. ஆனால் சாதாரணத் திரை வினாடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கிறது. சில கணக்குகள் திரைக்கு வராமலே வீணாயின. வந்தவையும் திரையின் தாளத்தோடு ஒட்டவில்லை. இதைத் தீர்க்க 2010 வாக்கில் மொசில்லா ஒரு புதிய வசதியை முன்வைத்தது. அடுத்த ஃப்ரேமை வரையப்போகும் முன் என்னைக் கூப்பிடு என்று பிரவுசரிடம் சொல்லிவைக்கும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் அது. குரோமும் உடனே ஏற்றது. 2011-ல் ஜேகுவெரி 1.6 அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கைவிட்டது.

கைவிட்ட காரணம் சுவையானது. பயனர் வேறொரு தாவலுக்குப் போய்விட்டால் பிரவுசர் ஃப்ரேம் அழைப்பை நிறுத்திவிடும்; பார்க்காத பக்கத்தை எதற்கு வரைவது? ஆனால் பழைய டைமர்கள் நிற்பதில்லை. ஐந்து வினாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றும் ஸ்லைடுஷோ, பார்க்காத தாவலில் ஐந்து வினாடிக்கு ஒருமுறை வரிசையில் ஓர் அனிமேஷனைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் ஓடாது. பயனர் அரைமணி கழித்துத் திரும்பி வந்ததும் சேர்ந்த அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். இந்தத் தளங்களை உடைக்க விரும்பாத ஜேகுவெரிக் குழு பழைய டைமருக்கே திரும்பியது, 2016-ல் 3.0 பதிப்பில்தான் மறுபடி துணிந்தது. நேரத்துக்கு இரண்டு வெவ்வேறு கடிகாரங்கள் இருந்தால் கணக்கு உதைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

கடிகாரம் சரியான பிறகும் எதை நகர்த்துகிறோம் என்ற கேள்வி நின்றது. பிரவுசர் ஒரு ஃப்ரேமை உருவாக்கும்போது முதலில் எந்த உறுப்பு எங்கே, எவ்வளவு அகலம் உயரம் என்று கணக்கிடுகிறது. பிறகு வண்ணம் தீட்டுகிறது. கடைசியில் தீட்டிய அடுக்குகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 16.7 மில்லிவினாடி, இன்றைய 120 ஹெர்ட்ஸ் கைபேசியில் அதில் பாதி. இடப்பக்கத் தூரத்தையோ அகலத்தையோ மாற்றினால் முதல் படியிலிருந்து எல்லாம் மறுபடி நடக்க வேண்டும், சில சமயம் பக்கம் முழுவதற்கும். டிரான்ஸ்ஃபார்ம் என்ற பண்பையும் ஒளிபுகுதன்மையையும் மட்டும் மாற்றினால் கடைசிப் படி போதும். அதைக் கிராஃபிக்ஸ் சிப் செய்துவிடும். அனிமேஷனில் வேகம் பற்றி ஒருவர் ஒரே ஒரு விஷயம்தான் கற்க முடியும் என்றால் இதைத்தான் கற்க வேண்டும்.

சிஎஸ்எஸ் அனிமேஷனை, சஃபாரியின் எஞ்சினை எழுதும் வெப்கிட் குழு 2007-ல் அறிவித்தது. 2012-ல் எக்ஸ்ப்ளோரர் 10 வந்தபோது முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருந்தது. உடனே ஒரு சண்டை மூண்டது. சிஎஸ்எஸ்தான் வேகம், ஜாவாஸ்கிரிப்ட் மந்தம் என்பது ஒரு கட்சி. 2014-ல் ஜீசாப்பை எழுதிய ஜாக் டாயிலும் வெலாசிட்டி லைப்ரரியை எழுதிய ஜூலியன் ஷப்பிரோவும் அது கட்டுக்கதை என்று அளவுகளோடு எதிர்வாதம் செய்தார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஜேகுவெரியின் மந்தத்தை ஜாவாஸ்கிரிப்டின் மந்தமாக எண்ணியது முதல் கட்சியின் பிழை. உறுப்பின் அளவைப் படிப்பதையும் எழுதுவதையும் மாறிமாறிச் செய்தால் ஒவ்வொரு படிப்புக்கும் பிரவுசர் இடக்கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் எழுதினால் ஜாவாஸ்கிரிப்டும் பறக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மை மாற்றும் சிஎஸ்எஸ் அனிமேஷன் ஒருமுறை தொடங்கிவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் முதன்மைத் தடத்தை நம்பியிருப்பதில்லை. அந்தத் தடம் ஒரு பெரிய தரவைப் பிரித்துக்கொண்டு அரை வினாடி மூச்சுத் திணறினாலும் சுழலும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஜாவாஸ்கிரிப்டால் சுழற்றப்படும் வட்டம் அப்படியே உறைந்துபோகும். இந்த வேறுபாட்டை எந்த அளவீடும் அழித்துவிடவில்லை.

இதே காலத்தில் கூகுளில் இருந்த பால் லூயிஸ் ஒரு நல்ல உத்தியைப் பரப்பினார். பட்டியலில் ஓர் உருப்படி ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குப் போக வேண்டும். பழைய இடத்தை அளந்துகொள். உருப்படியை உடனே புதிய இடத்தில் வைத்துவிடு. புதிய இடத்தையும் அள. வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபார்மால் எதிர்த்திசையில் போட்டுப் பழைய இடத்திலேயே இருப்பதுபோலக் காட்டு. பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மை மெல்ல விலக்கு. விலையுயர்ந்த கணக்கு ஒருமுறைதான். ஓட்டம் முழுவதும் மலிவான படியில் நடக்கிறது. இன்றைய லைப்ரரிகளின் 'லேஅவுட் அனிமேஷன்' வித்தைகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

இப்போது களத்தில் இருப்பவற்றைப் பார்க்கலாம். மூத்தது ஜீசாப். ஃபிளாஷ் காலத்தில் ட்வீன்லைட், ட்வீன்மேக்ஸ் என்று இருந்தது 2012-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்து, 2019-ல் மூன்றாம் பதிப்பில் ஒரே பெயருக்குள் அடங்கியது. அதன் உண்மையான பலம் டைம்லைன். தலைப்பு 0.4 வினாடியில் வரட்டும், அது முடிய 0.1 வினாடி இருக்கும்போது படம் தொடங்கட்டும், படத்தோடு சேர்ந்து பொத்தான் வரட்டும் என்று சார்பாகவே எழுதலாம். சிஎஸ்எஸ்ஸில் இதையே தாமத எண்களாக நாம் கூட்டிக் கழித்துப் போட வேண்டும். 'தலைப்பு கொஞ்சம் நிதானமாக வரட்டுமே' என்று வாடிக்கையாளர் கேட்டவுடன் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் மாறும். டைம்லைனில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக நகரும். முழுவதையும் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், பாதி வேகத்தில் ஓட்டிப் பிழை பார்க்கலாம். கடிகார விஷயத்திலும் ஜீசாப் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. இரு ஃப்ரேம்களுக்கு நடுவே 500 மில்லிவினாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் அதை 33 மில்லிவினாடி என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும். தாவலுக்குத் திரும்பியவர் கண்முன் பெட்டி தாவிக் குதிக்காது.

ஜூலியன் கார்னியேவின் அனிமே 2016-ல் வந்தது. சிறியது, எழுதுமுறை அழகானது, 2025-ல் வந்த நான்காம் பதிப்பில் தேவையான துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி பிரிக்கப்பட்டது. ஏர்பிஎன்பி 2017-ல் வெளியிட்ட லாட்டி வேறு இனம்: அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ஓவியர் செய்த அனிமேஷனைத் தரவாக ஏற்றுமதி செய்து பக்கத்தில் ஓட்டுகிறது. நிழலுருவப் படங்களால் புகழ்பெற்ற ஜெர்மானிய இயக்குநர் லாட்டே ரைனிகரின் நினைவாகப் பெயர். 1926-லேயே முழுநீள அனிமேஷன் படம் எடுத்தவர் அவர். நம் துறையில் பெயர் வைப்பவர்கள் இவ்வளவு வரலாறு அறிந்திருப்பது அபூர்வம்.

இடைமுகம் கட்டும் லைப்ரரியான ரியாக்டோடு வேலை செய்பவர்களின் சிக்கல் தனி. ரியாக்டில் நிலை மாறினால் உறுப்பு பக்கத்திலிருந்து அந்தக் கணமே போய்விடும். போய்விட்டதை எப்படி மெல்ல மறையவைப்பது? மாட் பெரி எழுதிய மோஷன், முன்பு ஃப்ரேமர் மோஷன் என்று அறியப்பட்டது, இதற்காகவே ஓர் உறை தருகிறது. நீக்கப்பட்ட உறுப்பை அந்த உறை பிடித்துவைத்து, வெளியேறும் அசைவு முடிந்தபிறகே விடுவிக்கும். இதைக் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு லைப்ரரி எதற்கு என்ற சந்தேகம் வராது.

மோஷனும், அதற்கு முன் செங் லூவின் ரியாக்ட் மோஷனும், ரியாக்ட் ஸ்பிரிங்கும் பரப்பிய இன்னொரு கருத்து சுருள்வில் அசைவு. இதில் 'இத்தனை மில்லிவினாடி' என்று நேரம் சொல்வதில்லை. விறைப்பு, தணிப்பு, நிறை என்று மூன்று எண் கொடுத்தால் இயற்பியல் சமன்பாடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். துள்ளல் இதன் அலங்காரம்தான். பெரிய பயன் குறுக்கீட்டில் இருக்கிறது. பயனர் ஒரு பலகையை விரலால் இழுத்துப் பாதியில் எதிர்த்திசையில் தள்ளுகிறார். நேரம் வைத்து ஓடும் அனிமேஷன் அந்த இடத்தில் வேகத்தைப் பூஜ்யமாக்கி, புதிதாகத் தொடங்கும். கண்ணுக்கு ஒரு வெட்டு தெரியும். சுருள்வில் அந்தக் கணத்தின் வேகத்தையும் நினைவில் வைத்திருப்பதால் பலகை தயங்கித் திரும்பும். தொடுதிரையில் இந்த வித்தியாசத்தைக் கை உணரும்.

லைப்ரரிகள் செய்துவந்த இந்த வேலைகளில் எவையெல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டன? வெப் அனிமேஷன்ஸ் ஏபிஐ 2014-ல் குரோமில் தொடங்கி 2020-ல் சஃபாரிவரை வந்தது. ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே சிஎஸ்எஸ் அனிமேஷன் எஞ்சினை இயக்கவும் நிறுத்தவும் திருப்பவும் அது வழி தருகிறது. மோஷன் லைப்ரரியே முடிந்த இடங்களில் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஸ்க்ரோலுக்கு ஏற்ப அசைவது இன்னொன்று. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' கட்டுரைக்குப் பிறகு செய்தித்தளங்களும் விளம்பரப் பக்கங்களும் ஸ்க்ரோல் அனிமேஷன் மயமாயின. 2020-ல் ஜீசாப்பின் ஸ்க்ரோல்ட்ரிகர் அதை எளிதாக்கியது. 2023-ல் குரோம் 115 ஸ்க்ரோல் நிலையையே கடிகாரமாக வைத்துச் சிஎஸ்எஸ் அனிமேஷனை ஓட்டத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த வியூ டிரான்சிஷன்ஸ், பழைய நிலையையும் புதிய நிலையையும் படமெடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுகிறது. பால் லூயிஸின் அளந்து திருப்பிப் போடும் உத்தி பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டது என்று சொல்லலாம். 2024-ல் அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும்போதும் குரோமில் வேலை செய்யத் தொடங்கியது.

முக்கியமாக வெளியே நிற்பவை இரண்டு. பல உறுப்புகளைச் சார்பான நேரத்தில் கோக்கும் டைம்லைனுக்குப் பிரவுசரில் இன்னும் நேரடி மாற்று இல்லை. குறுக்கீடும் அப்படியே: ஒரு வியூ டிரான்சிஷன் ஓடும்போது இன்னொன்று தொடங்கினால் முதலாவது சட்டென்று முடிவுக்குத் தாவிவிடுகிறது. சிஎஸ்எஸ்ஸில் சுருள்வில்போல் தோன்றும் வளைவை எண்வரிசையாக எழுதலாம், ஆனால் அது வேகத்தை நினைவில் வைக்காது. ஆகவே மெனு திறப்பது, அறிவிப்பு தோன்றுவது, பொத்தான் நிறம் மாறுவது போன்றவற்றுக்கு இன்று லைப்ரரி சேர்ப்பது வீண் சுமை. இழுத்துப் போடும் பலகைகள், கதை சொல்லும் பக்கங்கள், ரியாக்டில் வந்துபோகும் உறுப்புகள் என்றால் சேர்ப்பதே சிக்கனம்.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அனிமேயும் மோஷனும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கின்றன. ஜீசாப்பை 2024-ல் வெப்ஃப்ளோ நிறுவனம் வாங்கியது. 2025-ல் முன்பு கட்டணத்துக்கு இருந்த துணைக்கருவிகள் உட்பட எல்லாமே இலவசமாயின. ஆனால் அது திறமூல உரிமம் அல்ல. வெப்ஃப்ளோவோடு போட்டியிடும் காட்சிவழி அனிமேஷன் கருவிகளில் அதைப் பயன்படுத்தத் தடை உண்டு. பெரும்பாலானோரை இது தொடாது. தளம் கட்டும் கருவி செய்பவர்கள் மட்டும் உரிமத்தை வரிவரியாகப் படிப்பது நல்லது.

இவ்வளவு உழைப்புக்கும் வாசகருக்குக் கிடைப்பது என்ன? ஆய்வுகள் லைப்ரரித் தளங்களின் விளம்பரத்தைப்போல உற்சாகமாகப் பேசுவதில்லை. 2002-ல் பார்பரா ட்வெர்ஸ்கியும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அனிமேஷன் நிலைப்படத்தை வென்றதாகச் சொன்ன பலவற்றில், அனிமேஷனில் நிலைப்படத்தைவிடக் கூடுதல் தகவல் இருந்திருக்கிறது; வெற்றி அசைவினுடையது அல்ல. 2007-ல் ஜெஃப்ரி ஹீரும் ஜார்ஜ் ராபர்ட்சனும் ஒரு வரைபடம் இன்னொன்றாக மாறும்போது அந்த மாற்றத்தை அசைத்துக் காட்டினால் எந்தப் புள்ளி எங்கே போனது என்பதைப் பார்வையாளர் இன்னும் நன்றாகப் பின்தொடர்கிறார் என்று கண்டார்கள். மறு ஆண்டே ராபர்ட்சன் வேறொரு குழுவோடு செய்த சோதனை நேர்மாறாகத் தோன்றும். சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ராஸ்லிங் மேடையில் காட்டிய குமிழி வரைபடங்களைப் போன்றவற்றை மக்கள் ரசித்தார்கள். ஆனால் தரவை அலசச் சொன்னபோது, பக்கத்தில் பக்கத்தில் வைத்த சிறு நிலைப்படங்களே விரைவாகவும் துல்லியமாகவும் விடை தந்தன.

இரண்டும் முரண் அல்ல என்று நினைக்கிறேன். 'இது எங்கே போனது, அது எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி இருக்கும் இடத்தில், இரண்டு நிலைகளுக்கு நடுவில், கால் வினாடி அளவில் வரும் அசைவு உதவுகிறது. நீண்ட நேரம் ஓடும் அசைவில் வாசகர் நினைவாற்றலோடு போராடுகிறார். ஸ்க்ரோல் செய்யச் செய்ய ஒவ்வொரு பத்தியும் கீழிருந்து மிதந்து வரும் பக்கங்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. வாசிக்க வந்தவரைக் காக்கவைக்கின்றன. அவற்றை வடிவமைப்பாளர் தம் கண்காட்சிக்காகச் செய்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

சிலருக்கு அசைவு உடல் உபாதையே. 2013-ல் ஐஓஎஸ் 7-ன் பெரிதாகிச் சிறிதாகும் மாற்றங்களைப் பார்த்துத் தலைசுற்றல், குமட்டல் என்று பலர் முறையிட்டார்கள். காதின் உட்புறச் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்குத் திரை நகர்வதும் உடல் நகராததும் ஒத்துவராது. இயங்குதளத்தில் 'அசைவைக் குறை' என்று ஒருவர் அமைத்திருந்தால் அதை வலைப்பக்கம் அறிந்துகொள்ளும் வழியை 2017-ல் சஃபாரி கொண்டுவந்தது, மற்றவை பின்தொடர்ந்தன. அணுகல் வழிகாட்டி நெறிகளும் தெளிவாக உள்ளன: தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு ஓடும் எதையும் நிறுத்த வழி வேண்டும், வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. சிஎஸ்எஸ்ஸில் எழுதிய அசைவை ஒரே விதியால் அடக்கிவிடலாம். லைப்ரரியால் ஓடுபவை அந்த விதிக்குக் கட்டுப்படாது. ஜீசாப்பிலும் மோஷனிலும் அதற்கான வசதி இருக்கிறது, நாம்தான் இயக்க வேண்டும். பல தளங்களில் இயக்கியிருப்பதில்லை.

தமிழில் தளம் செய்பவர்களுக்கென்று ஒரு சிக்கல் தனியே காத்திருக்கிறது. தலைப்பை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றாக விழவைக்கும் வித்தை இந்த லைப்ரரிகளின் செல்லப்பிள்ளை. பழைய பிரிப்புமுறைகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தவை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. குறியீடு குறியீடாகப் பிரித்தால் புள்ளி தனியே பறந்து வந்து, துணைக்கு ஒரு புள்ளிவட்டத்தையும் கூட்டிக்கொண்டு நிற்கும். தட்டச்சு செய்வதுபோல் காட்டும் விளைவில் வேறுவிதக் கோளாறு: 'கொ' என்பதில் முதலில் 'க' வரும், அடுத்த நொடி இடப்பக்கம் கொம்பு முளைத்து 'க'வை வலப்பக்கம் தள்ளும். வரி முழுவதும் இப்படியே குலுங்கும். 'பட்டம்' என்று முடிவதற்குள் 'பட', 'பட்' என்று கடந்து வருவதால் கண் அசலாகவே தடுமாறும்.

பிரவுசரில் இதற்குத் தீர்வு இருக்கிறது. எழுத்துக்கூட்டங்களாகப் பிரிக்கும் இன்டல் செக்மென்டர் 2020-ல் குரோமிலும், கடைசியாக 2024-ல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. அது 'தமிழ்' என்பதை மூன்றாகவே தரும். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை மட்டும் க், ஷ என்றும் ஸ், ரீ என்றும் பிரித்துவிடும். அவற்றைத் தனியே சேர்த்துக்கட்ட நாமே ஒரு விதி எழுத வேண்டும். பிரித்த ஒவ்வொரு துண்டும் தனிப் பெட்டியாவதால் சொல் நடுவில் வரி உடையலாம். எழுத்துகளைச் சொல் உறைக்குள் போட்டுத் தடுக்க வேண்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் துண்டுகளை எழுத்தெழுத்தாக உச்சரிக்கக்கூடும்; அவற்றை அதனிடமிருந்து மறைத்து, முழு வாசகத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரதியாகத் தர வேண்டும்.

இத்தனை பாடு படுவதைவிட, தமிழ்த் தலைப்பைச் சொல்வாரியாகவோ வரிவாரியாகவோ அசைப்பது மேல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சொல்வாரி அசைவே போதிய நிதானத்தைத் தரும். வரிவாரியாகச் செய்வதென்றால் மட்டும், எழுத்துரு முழுவதும் இறங்கி முடிந்ததா என்று பிரவுசரைக் கேட்டுவிட்டுப் பிறகு வரிகளை அளக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் கைபேசியின் இயல்பு எழுத்துருவுக்கு ஏற்ப வரி பிரியும். நம் எழுத்துரு வந்து சேர்ந்ததும் மூன்று வரி நான்காகும், நான்காவது வரிக்கு எந்த அசைவும் எழுதப்பட்டிருக்காது. பயனர் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலும் இதே அளவீட்டை மறுபடி செய்தாக வேண்டும்.